குடியை விட்ட பிறகு யாரோடு பேசுவது?

கேள்வி இதுதான்: "வயது 34. மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஆனால் பேச ஆளே இல்லை. இருந்த நண்பர்கள் எல்லோரும் குடி நண்பர்கள். வீட்டில் சொன்னால் புரிவதில்லை. ஒரே ஒரு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்துக்குப் போனேன், ஒட்டவில்லை. மன உறுதி இருந்தால் தனியாகச் சமாளிக்க முடியாதா? முடியாது என்றால் என் நிலைமை புரிந்த ஆட்களை எங்கே தேடுவது?"

தம்பி, நான்கு மாதம் சின்ன விஷயம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குடியை விட்டு 19 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டு முறை விட்டேன், இரண்டு முறையும் தனியாகத்தான். ஒரு தடவை ஐந்து மாதம் தாங்கியது, இன்னொரு தடவை ஏழு மாதம். மறுபடி குடித்த அந்த இரண்டு நாட்களிலும் பெரிய துக்கமோ சண்டையோ எதுவும் நடக்கவில்லை. சாதாரண மாலை நேரம், வீட்டில் யாரும் இல்லை. "இன்றைக்கு ஒன்றே ஒன்று, நாளைக்கு நிறுத்திக்கொள்ளலாம்" என்று மனசுக்குள் ஒரு பேச்சு ஓடியது. அதை மறுத்துப் பேச அந்த அறையில் இன்னொரு குரல் இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது தடவை நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான்: அந்தப் பேச்சு ஓடத் தொடங்கியதும் அதை இன்னொரு குடிநோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

மன உறுதி உங்களிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் நான்கு மாதம் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் குடிக்கச் சொல்வதும் அதே மனசுதானே? வருடக்கணக்கில் குடித்த மூளை சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பாது. தூக்கமும் மனநிலையும் சீராகவே பல மாதங்கள் பிடிக்கும். பழைய இடம், பழைய முகம், சம்பளம் வரும் நாள், மாலை ஆறு மணி என்று எதைப் பார்த்தாலும் மூளை மதுவை எதிர்பார்க்கும்படி பழகியிருக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே எழும் நியாயங்கள் அசல் நியாயங்களைப் போலவே இருக்கும். வெளியே நின்று பார்க்கிற ஒருவருக்குத்தான் அது பழைய பல்லவி என்று தெரியும். அதிலும், தானே அந்தப் பல்லவியைப் பாடியவர் என்றால் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து 'ப்ராஜெக்ட் மேட்ச்' என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முதல் முடிவுகள் 1997-ல் வெளிவந்தன. சுற்றிலும் குடிக்கிற நண்பர்களே இருந்தவர்களில், ஏ.ஏ. கூட்டங்களோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்கள் மூன்று ஆண்டு கழித்து மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம், அவர்கள் கூட்டங்களில் ஈடுபட்டது. "இருந்த நண்பர்கள் எல்லோரும் குடி நண்பர்கள்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது இந்த ஆய்வுதான். மார்க் லிட் என்கிற ஆய்வாளரின் குழு இன்னொன்றைக் கண்டது. ஒருவருடைய நட்பு வட்டத்தில் குடிக்காத ஆள் ஒரே ஒருவர் கூடினாலும், அடுத்த ஓராண்டு அவர் குடிக்காமல் இருப்பதற்கான வாய்ப்பு 27 சதவீதம் உயர்ந்தது. பத்துப் பேரைத் தேட வேண்டாம், முதலில் ஒரு ஆளைத் தேடுங்கள்.

ஏ.ஏ. பிறந்த கதையே ஒரு ஆளைத் தேடிய கதைதான். உங்களுக்கு இப்போது நான்கு மாதம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பில் வில்சன் நியூயார்க்கில் பங்குச் சந்தை வேலை பார்த்தவர். 1934 டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்து குடியை விட்டார். அடுத்த ஐந்து மாதம் தெருத் தெருவாகக் குடிகாரர்களைத் தேடிப் போய்த் திருத்தப் பார்த்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. சோர்ந்துபோன சமயத்தில் அவருடைய மனைவி லோயிஸ் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: அவர்கள் திருந்தாவிட்டால் என்ன, அவர்களோடு பேசப் போனதில் நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே!

1935 மே மாதம் ஒரு வியாபார விஷயமாக பில் ஆக்ரன் என்கிற ஊருக்குப் போனார். காரியம் தோற்றுப்போனது. கையில் பணம் இல்லை, தெரிந்த முகம் இல்லை, சனிக்கிழமை வேறு. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்தில் அந்த ஊர் தேவாலயங்களின் பட்டியல். குடித்துவிடுவோம் என்கிற பயம் வந்துவிட்டது. பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தார். கடைசியில் ஹென்ரியெட்டா சீபர்லிங் என்கிற பெண்மணி கிடைத்தார். குடியிலிருந்து மீள முடியாமல் தவித்துக்கொண்டிருந்த டாக்டர் பாப் ஸ்மித் என்கிற அறுவை சிகிச்சை மருத்துவரை அவருக்குத் தெரியும். மறுநாள் இருவரையும் சந்திக்க வைத்தார். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர் பாப், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, தான் குடித்த கதையைச் சொன்னார். குடியைப் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்து தன் மொழியில் பேசிய முதல் மனிதர் அவர்தான் என்று டாக்டர் பாப் பின்னால் எழுதினார்.

அந்தத் தொலைபேசி அழைப்புகளை யார் யாருக்காகச் செய்தார் என்று பாருங்கள். டாக்டர் பாப் உதவி கேட்டு யாரையும் கூப்பிடவில்லை. பில்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிகாரரைத் தேடினார். நான் 19 வருடமாகப் பார்த்துவருவதும் இதுதான். தோழமை என்றால் நமக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். கொஞ்ச நாளில், நம் கதையைக் கேட்டு இன்னொருவர் மூச்சு விடுவதைப் பார்க்கிறோம். அப்போதுதான் நமக்குள் ஏதோ ஒன்று நிமிர்கிறது. அப்புறம் இன்னொன்று: அந்தச் சந்திப்புக்குப் பிறகும் டாக்டர் பாப் ஒரு முறை சறுக்கினார், ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில். அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது.

சரி, நீங்கள் போன கூட்டத்துக்கு வருவோம். ஏன் ஒட்டவில்லை என்று எழுதவில்லை. நான் கேட்ட அளவில் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும். ஒன்று, எல்லோரும் ஏற்கெனவே பழகியவர்கள், நாம் மட்டும் அந்நியர். இரண்டு, கடவுள் பேச்சு. மூன்று, "நான் இவ்வளவு மோசம் இல்லையே" என்கிற எண்ணம்.

முதல் காரணத்துக்கு மருந்து நேரம்தான். ஒரு கூட்டத்தை வைத்து ஏ.ஏ.வை எடைபோடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதம். ஒன்றில் வயதானவர்கள் அதிகம், இன்னொன்றில் இளைஞர்கள். ஒன்றில் ஒருவரே நெடுநேரம் பேசுவார், இன்னொன்றில் சுற்றி வட்டமாக எல்லோரும் பேசுவார்கள். குறைந்தது ஐந்தாறு வேறு வேறு கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். பிடித்த ஒன்றில் தொடர்ந்து உட்காருங்கள். யாரும் போகலாம் என்கிற திறந்த கூட்டங்களும் உண்டு, குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டங்களும் உண்டு. மனம் விட்டுப் பேச மூடிய கூட்டம் எளிது.

கடவுள் விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்கிற சொல் வருகிறது. இரண்டு இடங்களில் 'நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அப்படியான' என்று சேர்த்து வருகிறது. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி குடியை விட வேண்டும் என்கிற விருப்பம்தான். கட்டணம் இல்லை, எந்த மதத்தோடும் அரசியலோடும் தொடர்பில்லை, வெளியிலிருந்து நன்கொடை வாங்குவதுமில்லை. நான் நாத்திகன். முதல் ஆறு மாதம் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு இறுகும். பிறகு அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களையே என்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதுவும் முடியாது என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. 1994-ல் தொடங்கிய 'ஸ்மார்ட் ரிக்கவரி' கடவுள், படிகள் எதுவும் இல்லாமல், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிகளை வைத்து நடக்கிறது. பெண்களுக்கென்றே 1975-ல் தொடங்கிய 'விமென் ஃபார் சோப்ரைட்டி' இருக்கிறது. கலப்புக் கூட்டங்களில் சொல்ல முடியாததை அங்கே சொல்ல முடிந்தது என்று பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் எதுவும் இல்லாதவர்களுக்கு இணைய வழிக் கூட்டங்கள் எந்த நேரத்திலும் நடக்கின்றன. ஆனால் முடிந்தால் வாரம் ஒரு முறையாவது நேரில் போங்கள். கேமராவை அணைத்துவிட்டு மறைந்துகொள்வது நம்மைப் போன்றவர்களுக்கு மிக எளிது.

'கூட்டத்துக்குப் போனால் குடி நிற்குமா, அறிவியல் என்ன சொல்கிறது' என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை, எடுத்துக்கொண்டது. ஏ.ஏ.வும், அதில் இணைய வைக்கும் முறைப்படியான சிகிச்சையும், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தன. குடிக்கும் அளவைக் குறைப்பதில் ஏறக்குறைய சமம்தான். ஆகவே ஏ.ஏ. ஒன்றே வழி என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் உதறித் தள்ளக்கூடிய வழி அல்ல.

மூன்றாவது காரணத்தைப் பற்றி ஒரு வரி மட்டும். மற்றவர் கதையில் உங்களோடு ஒத்துப்போகாததைக் கணக்கெடுத்தால் எல்லா அறையிலும் நீங்கள் அந்நியர்தான். ஒளித்துவைத்தது, பொய் சொன்னது, காலையில் எழுந்ததும் வந்த வெட்கம் போன்ற ஒத்துப்போகிற இடங்களைக் கவனியுங்கள்.

இப்போது நடைமுறை. கூட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய், முடிந்ததும் கிளம்பி வந்தால் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். தோழமை உண்டாவது கூட்டத்துக்கு முன்னும் பின்னுமான பத்துப் பத்து நிமிடங்களில். சீக்கிரம் போங்கள். நாற்காலி போடுகிறவரோடு சேர்ந்து நாற்காலி போடுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் கூச்சம் பாதியாகிவிடும். "நான் புதுசு, நான்கு மாதம் ஆகிறது" என்று யாரிடமாவது சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. போன் நம்பர் கேளுங்கள். கேட்பதைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். பில் வில்சனுக்கு டாக்டர் பாப் எப்படித் தேவைப்பட்டாரோ, அப்படி அந்த ஆளுக்கும் உங்கள் அழைப்பு தேவை.

கொஞ்சம் பழகிய பிறகு ஒரு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளுங்கள். அதாவது, உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்த, உங்களைத் தனியாக வழிநடத்தச் சம்மதிக்கிற ஒருவர். நன்றாகப் பேசுகிறவரைவிட, வீட்டிலும் வேலையிலும் நிதானமாக வாழ்கிறவரைப் பாருங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொதுவான வழக்கம். பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை.

எச்சரிக்கையும் தேவை. மீட்சிக் கூட்டங்களில் இருப்பவர்களும் மனிதர்கள்தான், நோயிலிருந்து எழுந்துகொண்டிருப்பவர்கள். பணம் கடன் கேட்பவர், புதிதாக வந்த பெண்களைச் சுற்றி வருபவர், உங்கள் வாழ்க்கை முடிவுகளையெல்லாம் தானே எடுக்க நினைப்பவர் என்று சிலரைச் சந்திப்பீர்கள். விலகி நில்லுங்கள், ஆனால் அந்த ஆளை வைத்துக் குழுவையே விட்டுவிடாதீர்கள். "மாத்திரை சாப்பிட்டால் அது உண்மையான மீட்சி இல்லை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. மனச்சோர்வுக்கான மருந்தும் அப்படித்தான். அவற்றைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். ஏ.ஏ.வின் சொந்த நிலைப்பாடே, உறுப்பினர்கள் மற்றவர்களுக்கு மருத்துவரைப் போல மருந்து ஆலோசனை சொல்லக் கூடாது என்பதுதான். அதேபோல, குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற டைசல்ஃபிராம் மருந்தைக் குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் புரிவதில்லை என்கிறீர்கள். அவர்களுக்குப் புரியாதுதான். ஆனால் அவர்களுக்கும் ஒரு தனிமை இருக்கிறது. வருடக்கணக்கில் வாசலில் காத்திருந்து, செருப்புச் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டவர்கள். நான்கு மாதத்தில் அந்தக் காது மறந்துவிடாது. நீங்கள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அவர்கள் முகம் மாறுவது உங்களை அவமதிப்பதற்காக இல்லை, பயத்தால். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக லோயிஸ் வில்சனும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951-ல் தொடங்கியது அல்-அனான். பிள்ளைகளுக்கு அலட்டீன் இருக்கிறது. வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள், வற்புறுத்த வேண்டாம். குடி ஏக்கத்தை வீட்டில் சொல்லிப் புரியவைக்கும் பாரத்தைக் கூட்டத்துக்கு மாற்றிவிட்டால், வீட்டில் சாதாரணமாகப் பேச இடம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு திரும்பி வந்தது.

பழைய நண்பர்களை என்ன செய்வது? எல்லோரையும் வெட்டிவிட வேண்டியதில்லை. குடிக்காத இடத்தில், பகல் நேரத்தில் சந்திக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் நண்பர். "ஒன்று போட்டால் என்ன" என்று வற்புறுத்துகிறவரிடமிருந்து முதல் ஓராண்டாவது தள்ளி இருங்கள். பழைய நட்பை இழப்பது உண்மையிலேயே வலிக்கும். அந்த வலியைக் கூட்டத்தில் பேசுங்கள்.

ஒருவேளை சறுக்கிவிட்டால், அன்றைக்கே யாரையாவது கூப்பிடுங்கள். நான்கு மாதம் அழிந்துபோய்விடாது, கற்றுக்கொண்டது உங்களிடமே இருக்கும். நம்மைக் கொல்வது முதல் கிளாஸுக்குப் பிறகு வருகிற வெட்கமும் ஒளிந்துகொள்ளலும்தான். இடைவெளிக்குப் பிறகு உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதையும் மறக்க வேண்டாம். நாள்கணக்கில் குடித்துவிட்டால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் நினைவு தடுமாறி உயிரைப் பறிக்கும் நிலையும் வரலாம். இதைப் படிக்கிறவர்களில் இன்னும் தினமும் அதிகம் குடிப்பவர் இருந்தால் அவருக்கும் இதே வார்த்தைதான்: முதலில் மருத்துவர், அப்புறம் கூட்டம். அதேபோல, வாழவே வேண்டாம் என்கிற எண்ணம் வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

தொலைபேசிக்கு வருகிறேன், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எல்லோரும் நம்பர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், தேவைப்படும்போது கூப்பிடுவதில்லை. ஏக்கம் வந்தபிறகு போன் ஆயிரம் கிலோ கனக்கும். அதனால் ஏக்கம் இல்லாத நாளில் கூப்பிட்டுப் பழகுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கைச் சொல்வார்கள், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே கூப்பிடலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் கூப்பிடலாம். முதல் மாதம் நான் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒருவரைக் கூப்பிடுவேன். இரண்டு நிமிடப் பேச்சுதான், பாதி நாள் வானிலையைப் பற்றி. நாற்பதாவது நாளோ என்னவோ, கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கை தானாக அந்த நம்பரை அழுத்தியது. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எங்கே நிற்கிறீர்கள்? போனை வைக்காதீர்கள், நடந்துகொண்டே பேசலாம்" என்றார். வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு நம்பர் வாங்கிவிடுங்கள். அன்று இரவே ஒருவரைக் கூப்பிட்டு, "குடிக்கத் தோன்றவில்லை, பழகிக்கொள்ளத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். எடுக்கிறவருக்கு அது புரியும்.